திறக்கும் வருஷம் இன்னும் வரவில்லை

“உள்ள இல்லேன்னா கோவிச்சுக்கறதுக்கு யாரு இருக்கா அண்ணி, அதைச் சொல்லுங்க—”

“உள்ள இருந்தா?”

“இருந்தா நல்லதாப் போச்சு. மன்னிப்புக் கேட்டுக்கிட்டு மூடிட்டு—”

“யாரு கேக்கறது? நீயா? சாவியைத் திருப்பப் போற கை என்னுது. தகமட்சு ஆஸ்பத்திரியில வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறது என் பொண்ணு. நீ நோகாம மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் குளிச்சுட்டு சாப்பிடுவே.”

“நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள—”

“காலையிலேருந்து நீ சொல்லி முடிச்சுக்கிட்டேதான் இருக்கே.”

மொரினொபு வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொண்ட வாய்க்குள் இன்னும் நாலு வார்த்தை இருப்பது அவன் தாடை அசைவில் தெரிந்தது. இறந்துபோன அண்ணனின் மனைவி என்பதால் கினுயேயிடம் குரலை ஒரு அளவுக்கு மேல் உயர்த்த அவனால் முடியாது. ஊர்க் கோயிலுக்குத் தலைவர் என்பதால் அடக்கவும் முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டு முகம் சிவந்துபோயிருந்தான்.

கோயில் மண்டபம் சிறியது. மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முகிஷிமா தீவில் குளிர்காலத்தில் வீட்டோடு இருப்பவர்களே அவ்வளவுதான். எல்லாருக்கும் எதிரில், மாடத்தின் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையல் அங்கியைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள் கினுயே. மடியில் சாவிப்பை. பையின் மேல் இரண்டு கையும்.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கறுப்பு அரக்கு மாடத்துக்குள், பிரசவம் காக்கும் கருணைத் தெய்வம் பிள்ளைக் கன்னோன் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் நேற்று ராத்திரி வரைக்கும் எல்லாரும் நினைத்திருந்தார்கள். முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவள் கதவு திறக்கும். மற்ற நாட்களில் கும்பிடுவதெல்லாம் மூடிய கதவைப் பார்த்துத்தான். சாவி வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். இந்த வருஷம் கினுயேயின் வீடு. திறக்கும் வருஷத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

அதற்குள்தான் ஒசாகாவில் இருக்கும் மொரினொபுவின் பள்ளித்தோழன் ஒரு படத்தை அனுப்பிவிட்டான். இன்றைக்கு அங்கே பழம்பொருள் ஏலம். அதில் ஒரு பொருள்: கையில் பிள்ளையை ஏந்திய கன்னோன், மரச்சிலை, ஒரு முழ உயரம். வலது கையில் சுண்டுவிரல் இல்லை. முகிஷிமா கன்னோனுக்கும் வலது கையில் சுண்டுவிரல் இல்லை. போன தடவை கதவு திறந்தபோது பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

“அம்மா, நான் மறுபடியும் சொல்றேன்” என்றாள் போலீஸ்காரி அரிமா. பெரிய தீவிலிருந்து காலைப் படகில் வந்தவள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். “பெட்டிக்குள்ள இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்ங்கற ஒரு பொருளை நான் திருட்டுப் போச்சுன்னு எழுத முடியாது. விரல் ஒடஞ்ச சிலை நாடு முழுக்க இருக்கு. உள்ள இல்லைன்னு ஒரு தடவை பாத்துட்டா அடுத்த நிமிஷம் புகார் போட்டு ஏலத்தை நிறுத்தச் சொல்லிடுவேன். வித்துட்டா வெளிநாட்டுக்குப் போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“உங்களைக் குத்தம் சொல்லலைம்மா” என்றாள் கினுயே.

“ஒரு போட்டோகூட இல்லையா உங்ககிட்ட?”

ஊர் மொத்தமும் அவளைப் பார்த்தது.

“போட்டோவா?” மீனவர் சங்கத்து தொகுசோ கிழவர் பல்லைக் காட்டினார். “எங்க அப்பன் போட்டோவே இல்ல எங்க வீட்டுல. இவங்களை யாரும்மா எடுக்க விடுவா?”

“சரி, கதவு இடுக்கு வழியா போனை விட்டு ஒரே ஒரு படம் எடுத்தா என்ன? கதவைத் தொறக்கவே வேணாமே!”

“உள்ள திரை தொங்குது” என்றான் மொரினொபு.

“திரை இல்லாட்டியும் கூடாது” என்றாள் கினுயே. “தொறந்து பாத்தாலாவது மொகத்துக்கு மொகம் மன்னிப்புக் கேக்கலாம். இடுக்கு வழியா எட்டிப் பாக்கறதுக்குப் பேரு என்ன? ஊர்ல எந்தப் பொம்பளைய அப்படிப் பாத்தாலும் நீங்க புடிச்சு உள்ள வைக்கமாட்டீங்க?”

அரிமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கைபேசியைப் பார்த்தாள். ஒசாகாவில் ஏலம் தொடங்கிவிட்டது.

“பிக்கு என்ன சொன்னாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவரு என்ன சொல்வாரு?” மொரினொபு கசந்துகொண்டான். “ஏழு கோயிலுக்கு ஒத்தை ஆளு. சாவி வீட்டுக்காரங்க முடிவு எதுவோ அதுதான் முடிவுன்னுட்டாரு. வழுக்கிட்டாரு. மொட்டைத் தலையில எறும்புகூட நிக்காது.”

“அப்ப முடிவு என்னுது” என்றாள் கினுயே. “நான் சொல்லிட்டேன். குழந்தை பொறக்கட்டும். பொறந்து, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு மாப்பிள்ளை போன் பண்ணட்டும். அந்த நிமிஷம் தொறக்கறேன்.”

“அதுக்குள்ள வித்துடுவான் அண்ணி!”

“சகுஹே வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். சின்னப் புள்ளையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். பல்கலைக்கழகத்துலேருந்து யாரோ பெரிய வாத்தியார் வந்தாருன்னு சகுஹே நாளுக்கு முன்னாடியே தொறந்து காட்டினாரு. சகுஹே மருமக பிரசவத்துல செத்துப்போனா. அண்ணி, அன்னிக்குப் புயல். படகு ஓடலை. தீவுல டாக்டர் கெடையாது. அதுக்குக் கன்னோன் என்ன பண்ணுவாங்க?”

“புயலுக்கு வேற நாள் கெடைக்கலையா?”

மொரினொபு பாயில் ஓங்கி அடித்தான். “இந்தக் காலத்துல இப்படி ஒரு மூடநம்பிக்கையைக் கட்டிக்கிட்டு—”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவனுக்கு. கினுயே பையின் கயிற்றை அவிழ்த்து, கைநீளம் இருந்த இரும்புச் சாவியை எடுத்தாள். நுனி கொக்கி போல வளைந்திருந்தது.

“சரிப்பா. நான்தான் பயந்தாங்கொள்ளி. மூடநம்பிக்கை இல்லாதவங்க யாராவது வாங்கித் தொறங்க.” உள்ளங்கையில் சாவியை வைத்து நீட்டினாள். “இந்தா.”

அடுப்பு மட்டும் உர்ரென்று எரிந்தது.

“தொகுசோ அண்ணே?”

“எனக்கு வலது தோள் போயிடுச்சு தாயி. வலை இழுத்து இழுத்து… பூட்டுத் திருப்பற அசைவு சுத்தமா வராது.”

“காலையில வாளியைத் தூக்கிட்டுப் போனீங்களே?”

“அது இடது தோள்.”

கினுயேயின் கை அடுத்தவர் பக்கம் திரும்பியது. அந்த ஆள் பாயின் ஓரத்துப் பட்டியை நகத்தால் சுரண்டினார். “என் மருமகளுக்கு இப்பத்தான் நாள் தள்ளியிருக்கு. இன்னும் வெளிய சொல்லலை…” சொல்லிவிட்டோமே என்று அவரே வாயைப் பொத்திக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் ஊர் எழுந்து வாழ்த்துச் சொல்லியிருக்கும்.

“மொரினொபு?”

மொரினொபுவின் கை முழங்காலிலிருந்து கிளம்பியது. பாதி வழியில் நின்றது. “எனக்குப் பயமில்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. சாவி வீடு மாறறது வருஷப் பொறப்புக்குத்தான்.”

“முறை இப்ப ஞாபகம் வந்துடுச்சா?”

“குடுங்கம்மா, நான் தொறக்கறேன்.” அரிமா படியேறி உள்ளே வந்தாள். “நான் ஒகயாமாக்காரி. இந்த ஊர்ச் சங்கதி எதுவும் என்னைய ஒண்ணும் பண்ணாது. குடுங்க.”

நீட்டிய கை இளங்கை. விரலில் மெல்லிய மோதிரம்.

“கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சும்மா?”

“போன இலையுதிர் காலத்துல… ஏன்?”

கினுயே சாவியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு உனக்கும் ஒண்ணு வயித்துல வரும். ஏதாவது ஆச்சுன்னா உங்கம்மா வந்து என்னைய நிக்க வெச்சுக் கேப்பாங்க. போம்மா, போய் அடுப்புப் பக்கத்துல உக்காரு. கையெல்லாம் ஐஸா இருக்கு.”

அங்கிப் பையில் கைபேசி நடுங்கியது. எல்லார் முகமும் ஒரே நேரத்தில் அந்தப் பையைப் பார்த்துத் திரும்பியது. மாப்பிள்ளை தாய்கோ.

“சொல்லுப்பா… ம்… ம்… வலி விட்டு விட்டுத்தான் வருதா? தண்ணி குடிக்கறாளா? …சரி. சரிப்பா. நான் கோயில்லதான் இருக்கேன். அவகிட்ட சொல்லு, அம்மா கோயில்ல இருக்கான்னு.”

கைபேசியைப் பைக்குள் போட்டாள். மகள் சினாட்சு இதற்கு முன் இரண்டு முறை கருவை இழந்தவள். இந்த முறை ஐந்தாம் மாதத்தில் வயிற்றில் கட்டும் வெள்ளைத் துணியை, கினுயே இந்தக் கதவுக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்து எடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தாள். தீவுப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லையென்றால் அந்தத் துணி என்ன துணி? கடைத்துணி. இந்த எண்ணம் காலையிலிருந்து அவள் நெஞ்சில் எட்டிப் பார்ப்பதும் அவள் அதை விரட்டுவதுமாக இருந்தது.

“என்ன சொல்றாரு?” மொரினொபு மெதுவாகக் கேட்டான். சினாட்சு அவனுக்கும் மகள் மாதிரிதான். அவளுக்குக் கடலில் நீந்தக் கற்றுக்கொடுத்தவன் அவன்.

“இன்னும் நேரமாகுமாம்.”

அரிமாவின் கைபேசி ஒலித்தது. வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். “ஏலம் வேகமா போகுதாம். இன்னும் கொஞ்சம் பொருள்தான் பாக்கி, அதுக்கப்புறம் இதுதான். போலீஸ் தாள் கையில வராம நிறுத்த மாட்டோம்கறாங்க.”

மொரினொபு கைபேசியை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து, முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பாயில் கினுயேயின் முன்னால் தள்ளினான். காலையிலிருந்து அவள் அதைப் பார்க்க மறுத்திருந்தாள். நாள் வருமுன் அந்த முகத்தைப் பார்ப்பதும் கதவைத் திறப்பதும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. ஊரில் பாதிப்பேர் கட்சியும் அதுதான். ஊர்க்காரர்களில் மொரினொபுவைத் தவிர இன்னும் யாரும் பார்க்கவில்லை.

“பாக்க வேணாம் அண்ணி. நான் பாத்ததைச் சொல்றேன், கேட்டுக்கங்க. மொகம் அவங்க மொகம்தான். சத்தியமா. அப்புறம்… ஒட்டு ஒட்டியிருக்கான்.”

“என்ன ஒட்டு?”

“ஏலத்துக்கு எண் போட்டு ஒட்டுவாங்கல்ல. வட்டமா, சின்னதா.”

“எங்க?”

அவன் பாயில் கிடந்த கைபேசியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான்.

“எங்க ஒட்டியிருக்கான் மொரினொபு?”

“குழந்தை கால்ல.”

கினுயே கையை நீட்டிக் கைபேசியைத் திருப்பினாள். பாயில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

சாம்பல் நிறத் துணி விரித்த மேசை. அதன் மேல், கண் கூசும் வெளிச்சத்தில், கன்னோன். தலை சற்றே இடது பக்கம் சாய்ந்து. கைக்குழந்தை அவள் கழுத்து மடிப்பைப் பிடித்திருந்தது. மடங்கிய சின்னக் கால் ஒன்று துணியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; அதன் உள்ளங்காலில், ஆரஞ்சுப் பழத்தில் ஒட்டுவதுபோல ஒரு வெள்ளை வட்டம்.

திறப்பு நாளில் முதலில் கர்ப்பிணிகளைத்தான் முன்னால் விடுவார்கள். பிள்ளையின் காலை ஒரு விரலால் தொடலாம். அவர்களுக்கு மட்டும் அந்த உரிமை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு அந்த உள்ளங்கால் மட்டும் கன்னங்கரேலென்று எண்ணெய் பூசினாற்போல இருக்கும். சினாட்சு வயிற்றில் இருந்தபோது கூட்டத்தில் முதுகைப் பிடித்துத் தள்ளி முன்னால் விட்டார்கள் கினுயேயை. தொட்டாள். மரம் என்று தோன்றவில்லை. குளித்துவிட்டு வந்த குழந்தையின் கால் மாதிரிதான் இருந்தது.

அந்த இடத்திலேயே ஒட்டியிருந்தான்.

“அண்ணி…”

“பாத்துட்டேன்” என்றாள் கினுயே. “பாத்தாச்சு. வர்றது வரப்போகுது. இனி கதவு மூடியிருந்தா என்ன, தொறந்திருந்தா என்ன? தாள் குடுங்க.”

“எந்தத் தாள்?” என்றாள் அரிமா.

“வாயில வைக்கற தாள்ம்மா. எச்சி மூச்சு அவங்க மேல படக்கூடாது.”

தொகுசோ தன் வலது தோள் வலியையே மறந்து இரண்டு கையாலும் தாள் பெட்டியைத் தேடினார். வெள்ளைத் தாள் ஒன்றை நாலாக மடித்துக் கொடுத்தார். கினுயே அதை உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். இனி திரும்ப மூடும் வரைக்கும் பேசக்கூடாது. அது ஒருவகையில் நல்லதாகவே பட்டது அவளுக்கு. பேசியிருந்தால் அழுதிருப்பாள்.

“தலை குனிங்க” என்றான் மொரினொபு. சாவிக்காரர் திறந்து பார்த்து மணியடிக்கும்வரை மற்றவர்கள் நெற்றியைப் பாயில் வைத்திருக்க வேண்டும். ஒருவர்பின் ஒருவராகக் கவிழ்ந்தார்கள். அரிமா மட்டும் நின்றாள்.

“நீங்களும்தான்” என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

“நான் சாட்சி. நான் பாக்கணும்.”

“அவங்க பாக்கட்டும்” என்றான் மொரினொபு, நெற்றியைத் தூக்காமலே.

சாவி பூட்டுக்குள் போனது. திரும்பவில்லை. கினுயே கொக்கியைச் சற்று மேலே தூக்கி மறுபடி திருப்பினாள். உள்ளே இருங்கள் என்று வேண்டுவதா, இல்லாமல் போய்விடுங்கள் என்று வேண்டுவதா, தெரியவில்லை. உள்ளே இருந்தால் ஊருக்கு நல்லது, அவள் மகளுக்குக் கேடு. இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள ஆளில்லை, காப்பாற்றவும் ஆளில்லை. உதட்டில் தாள் படபடத்தது. பூட்டு விட்டது.

கதவுகள் இரண்டும் சத்தமே இல்லாமல் திறந்தன. உள்ளே பழைய சரிகைத் திரை. அதன் கீழ்விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடி, தூக்கி, கண்ணைத் திறந்தாள்.

தாமரைப் பீடம் இருந்தது. மேலே சிலை இல்லை. சிலை நின்றிருந்த வட்டத்திலும் தூசிதான். கனமான, சாம்பல் நிறத் தூசி. ஒரு வருஷத்துத் தூசி அல்ல. பீடத்துக்குப் பின்னால், மாடத்தின் முதுகுப் பலகையில், ஒரு பலகைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கோடாக வெளிச்சம். யாரோ வெளிச்சுவரையும் மாடத்துப் பலகையையும் பின்பக்கத்திலிருந்து பெயர்த்து, சிலையை எடுத்துவிட்டு, மறுபடி ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காட்டுப்பன்றிகள் கடல் நீந்தி வந்து சேர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மூங்கில் அடைத்துக் கிடந்தது. அந்தக் கோட்டின் வழியாகக் காற்று வந்தது. மூங்கில் இலை ஒன்று அசைந்தது தெரிந்தது. அவள் மகள் பெயரைச் சொல்லி ஒவ்வொரு விடியற்காலையும் கும்பிட்ட இடம் அது.

அரிமா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், காலுறையோடு படியிறங்கி முற்றத்துக்கு ஓடினாள். “காலி! உறுதியா காலி! ஆமா, இப்பவே நிறுத்தச் சொல்லுங்க, நான் கையெழுத்து—” அவள் குரல் கீழே படகுத்துறைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

மணி அடிக்காததால் யாரும் தலை தூக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டது. தொகுசோ கிழவர் கவிழ்ந்தபடியே அழ ஆரம்பித்தார். மொரினொபுவின் முதுகு குலுங்கியது. “அண்ணி, மணி அடிங்க” என்று பாயைப் பார்த்துச் சொன்னான். “அடிச்சுடுங்க அண்ணி.”

கினுயேயின் கை மணியைத் தொட்டது. அப்போது அங்கிப் பை நடுங்கியது.

திரையை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் எடுத்துக் காதில் வைத்தாள். வாயில் தாள். மறுமுனையில் யாரோ ஓடும் சத்தம், உருளும் சக்கரங்களின் சத்தம். நடுவில் தாய்கோவின் குரல். எப்போதும் மெதுவாகப் பேசுகிற பிள்ளை. இப்போது மூச்சுக்கு மூச்சு தடுக்கியது.

“அத்தை? அத்தை, கேக்குதா? குழந்தையோட நாடி எறங்குதாம். அறுவைக்குத் தூக்கிட்டுப் போறாங்க. இப்பத்தான், இந்த நிமிஷம்தான்… என்னைய உள்ள விடலை.”

கினுயே பீடத்தைப் பார்த்தாள். உதட்டில் தாள் நனைந்துவிட்டிருந்தது.

“எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் கேலி பண்ணியிருக்கேன். இப்ப கேக்கறேன் அத்தை. நீங்க கோயில்லதான இருக்கீங்க? அவங்க முன்னாடிதான உக்காந்திருக்கீங்க? ஒரு வார்த்தை கேளுங்க அத்தை… அவங்களுக்குக் கேக்குதுல்ல?”